இந்தியாவிலிருந்து திருகோணமலைக்கு வருவோருக்குக் காசு தேவையா, கைப்பேசி போதுமா?

தமிழகத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் தாங்கள் யுபிஐ (கைப்பேசிவழி பணம் செலுத்தும் இந்திய முறை) மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில்.

2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ வசதி நடைமுறையில் இருப்பதால், லங்கா கியூஆர் என்னும் இலங்கையின் பொதுக் கொடுப்பனவுக் குறியீடு உள்ள கடைகளில் இந்தியச் செயலியாலேயே செலுத்தலாம்; இலங்கை ரூபாய்த் தொகை இந்திய ரூபாயாக மாற்றப்பட்டுத் தங்கள் வங்கிக் கணக்கில் கழிக்கப்படும். ஆனால் செயலியில் வெளிநாட்டுக் கொடுப்பனவை இயக்கிவைக்க வேண்டும், இங்கே இணைய இணைப்பும் வேண்டும்.

கோணேசர் கோயிலடியில் அர்ச்சனைத் தட்டு வாங்கவும், முச்சக்கரவண்டிக்கும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுக்கும் ரொக்கம் வைத்திருப்பதே பாதுகாப்பு. பெரிய தாள்களுக்குச் சில்லறை கிடைப்பது கடினமாதலால், நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியப் பணத்தை இலங்கைப் பணமாக மாற்றியதற்கான பற்றுச்சீட்டை, மீதியைத் திரும்ப மாற்றும்போது கேட்கக்கூடுமாதலால், தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.