மஜ்ஜையின் ரத்த ஓட்டத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இயற்பியல் படிக்கும் மகள் திடீரென்று "எலும்பு மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று படமெடுத்து ஆராயப் போகிறேன்" என்றால் எந்த அம்மாவுக்கும் வயிற்றில் புளி கரைக்கத்தான் செய்யும். ஆனால், அம்மா, உங்கள் மகள் பிடித்திருப்பது நல்ல கேள்வி.

பிறக்கும்போது நம் மஜ்ஜை ஏறக்குறைய முழுவதும் சிவப்பு. வயதாக ஆக அதில் கொழுப்பு சேர்ந்து மஞ்சளாகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது. இளம் பெண்களின் முதுகெலும்பு மஜ்ஜையில் ஓட்டம் அதே வயது ஆண்களைவிட அதிகம்; 50 வயதையொட்டி, மாதவிடாய் நிற்கும் காலத்துக்குப் பிறகு, அது ஆண்களைவிட வேகமாகச் சரிகிறது. எலும்பு மெலிந்தவர்களிடம் ஓட்டம் இன்னும் குறைவு. எலும்பு மெலிவதற்கும் இந்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த ஆர்வம்.

அளப்பது எம்.ஆர்.ஐ.யில். காடோலினியம் என்ற உலோகம் உள்ள மருந்தை ஊசி வழியாக ஏற்றி, சில வினாடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே போவார்கள். மருந்து சேருமிடம் பளிச்சிடும். எத்தனை வேகத்தில், எவ்வளவு தூரம் வெளிச்சம் ஏறியது என்ற வரைகோட்டிலிருந்துதான் கணக்கு. சிக்கலும் அங்கேதான்: மருந்து ரத்தக்குழாயிலிருந்து கசிந்தாலும் வெளிச்சம் ஏறும். கொழுப்போ மருந்தே இல்லாமல் பளிச்சென்று தெரியும். இதைப் பிரித்தெடுக்க இயற்பியலும் கணிதமும் தெரிந்தவர் வேண்டும். மருத்துவர் மட்டும் போதாது.

சரி, வேலை? ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவராக (ரேடியாலஜிஸ்ட்) வேண்டுமென்றால் மருத்துவப் பட்டம் வேண்டும், அந்தக் கதவு இவளுக்கு இல்லை. மருத்துவ இயற்பியல் முதுகலை பொருந்தும். ஆனால் அந்தத் துறையில் பெரும்பாலான பணியிடங்கள் புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சையில்தான் இருக்கின்றன, எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியில் இடம் குறைவு. அதனால் பட்டத்தைப் பரந்ததாக எடுக்கட்டும், மஜ்ஜையை ஆய்வேட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் புள்ளியியலும் நிரல் எழுதவும் கற்றால், மஜ்ஜை கைவிட்டாலும் மூளை, இதயம், கட்டி என்று எந்தப் படத்திலும் அதே கணக்கைப் போடலாம்.

அவளிடம் ஒன்று கேளுங்கள், அம்மா. வயதும் மாதவிடாய் நிறுத்தமும் ஒன்றாகத்தானே வருகின்றன, ஓட்டம் குறைந்ததற்கு எது காரணம் என்று எப்படிப் பிரிப்பாய்? யாரை யாரோடு ஒப்பிடுவாய்? ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் படிப்பு என்று பேசலாம்.