கரன்ட் நாள்கணக்கில் போனால் மின்னணுக் கதவுப் பூட்டு தாங்குமா?

அபார்ட்மெண்ட் வாசலில் கார்டு காட்டித் திறக்கும் பூட்டு, இரண்டு நாள் கரன்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எந்த வகை என்று பாருங்கள். கதவின் மேல்பக்கம் பட்டையாக ஒட்டிக்கொள்ளும் காந்தப் பூட்டு என்றால், பூட்டியிருக்கும் நேரம் முழுக்க மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர். சப்ளைப் பெட்டிக்குள் வழக்கமாக வைக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வரும். கார்டு ரீடரும் சேர்ந்து இழுப்பதால் அவ்வளவு வராது. பழைய பேட்டரி என்றால் இன்னும் மோசம். அது தீர்ந்ததும் பூட்டு விட்டுவிடும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நிலைமைக்கு, திறக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் எடுக்கும் ஸ்ட்ரைக் பூட்டுக்கு மாறுவதே நல்லது என்பேன். கரன்ட் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். சாவியால் திறக்கும் வசதியும் இருக்கட்டும். அப்புறம், ஜெனரேட்டர் லைனில் இந்த சப்ளையையும் சேர்க்கச் சொல்லுங்கள், இழுப்பது சில வாட்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: தீ விபத்தில் வெளியேறும் வழியில் காந்தப் பூட்டு இருந்தால், அலாரம் அடித்ததும் பேட்டரி உட்பட அதற்குப் போகும் மின்சாரம் மொத்தமும் அறுபட வேண்டும்.