கேட்பவரின் முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அதிகம் பேசப்படாத படங்களைத் தேடிப் பார்ப்பதில் எனக்குப் பித்து உண்டு. லியோ மெக்கேரி 1937இல் எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’வை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் செல்போனை எடுத்துவிட்டார்கள். “அந்தப் பாட்டி போனில் கத்துகிறார், நாடக நடிப்பு” என்றார் ஒருவர். எனக்கோ அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நல்ல நடிப்பு என்று எதை வைத்துச் சொல்வது? இப்படிப்பட்ட படங்களை எங்கே தேடுவது? (பார்த்தது இணையத்தில் கிடைத்த பிரதி. படம் டிவித் திரையை முழுக்க நிறைத்தது. ஓடிய நேரம் 88 நிமிடம்.)

வி.

அன்புள்ள வி.,

பாதிப் பதிலை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டீர்கள்.

1937ஆம் ஆண்டுப் படம் இன்றைய டிவித் திரையை நிறைக்க முடியாது. அன்றைய சட்டகத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37:1, டிவியுடையது 1.78:1. அகலத்தை வைத்துக்கொண்டு திரையை நிறைத்தால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். நெற்றியும் கைகளும்தான் முதலில் பலி. வெட்டாமல் இழுத்திருந்தால் முகமெல்லாம் பூசணிக்காய். சரியான பிரதியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அதைக் குறை என்று நினைத்து ரிமோட்டைத் தேடாதீர்கள்.

அடுத்தது நேரம். படத்தின் நீளம் 92 நிமிடம். உங்கள் பிரதியில் நான்கு நிமிடம் குறைகிறது. காட்சி ஏதும் வெட்டுப்பட்டிருக்கலாம்தான், ஆனால் குறைவு ஏறத்தாழ 4 சதவீதம் என்றால் முதல் சந்தேகம் வேகத்தின் மீது விழவேண்டும். நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தை, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25இல் ஓட்டிப் பதிவு செய்த பிரதிகள் ஏராளமாக உலவுகின்றன. அவற்றில் குரலைத் தனியாகத் திருத்தாவிட்டால் சுருதியும் ஏறும், ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. வயதான பெண்ணின் குரல் அந்த அளவு ஏறினால் கீச்சென்றுதான் கேட்கும். உங்கள் நண்பரின் காது பொய் சொல்லவில்லை.

கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக வைத்தால் நேரம் சரியாகிவிடும், குரல் ஆகாது. வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆடியோ அமைப்புகளில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்பதை அணைத்தால் குரலும் கீழே இறங்கும். சப்டைட்டில் முந்திக்கொண்டால் ஹெச் விசையைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி தள்ளிப்போகும். இது சின்ன விஷயமில்லை. நடிகர் ஒரு சொல்லைச் சொல்லுமுன் இரண்டு நொடி தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கம்தான் நடிப்பு. சொல்லை நாம் முன்பே படித்துவிட்டால் அவர் வீணாக நிற்பதுபோல் தோன்றும். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று ஆளுக்கொரு பெயர். இல்லாத சட்டகங்களை அது கற்பனை செய்து இடையில் செருகுகிறது. ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும்.

இனி அந்த போன் காட்சி. பாட்டி தங்கியிருக்கும் மகன் வீட்டில் மருமகள் சீட்டாட்ட வகுப்பு நடத்துகிறாள், கூடம் நிறைய விருந்தினர்கள். தொலைவிலிருக்கும் கணவரின் அழைப்பு வருகிறது. கிழவி கத்தித்தான் பேசுகிறார், கத்த வேண்டும் என்றுதான் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கவேண்டியது அவரை அல்ல, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை. முதலில் எரிச்சல், பிறகு கேட்காததுபோல் பாவனை, பிறகு கேட்டுவிட்டோமே என்ற கூச்சம். இத்தனைக்கும் அவர்களுக்குக் கிட்டத்தட்ட வசனமே இல்லை. பாட்டியாக நடித்த பியூலா பாண்டி அவர்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை இரக்கம் கேட்டிருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். தான் கவனிக்கப்படுவது தெரியாத ஒருத்தியாக இருப்பதுதான் அங்கே அவருடைய வேலை. நல்ல நடிப்புக்கு என் முதல் அளவுகோல் இதுதான்: வசனம் இல்லாதபோது, எதிரில் இருப்பவர் பேசும்போது, அந்த முகத்தில் என்ன நடக்கிறது? அடுத்த வசனத்துக்காகக் காத்திருக்கும் முகம் ஒன்று உண்டு. இரண்டு படம் பார்த்தால் பழகிவிடும், பிறகு எங்கே கண்டாலும் பிடித்துவிடுவீர்கள்.

பிடித்த ஒரு காட்சியை மூன்று முறை பாருங்கள். ஒருமுறை வழக்கம்போல, ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. ஒலியில்லாமலும் உறவு புரிந்தால் உடல் வேலை செய்கிறது. கண்ணை மூடினால் அழுத்தமெல்லாம் போய்விடுகிறது என்றால், குரல் ஒப்புக்குத்தான் இருந்தது. டப்பிங் படங்களில் இந்தச் சோதனை குழப்பும், முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ‘லா ஸ்ட்ராடா’வின் இத்தாலியப் பிரதியில் ஆன்டனி க்வின்னுக்கே சொந்தக் குரல் கிடையாது.

இதில் படத்தொகுப்பாளரின் பங்கையும் கழிக்கத் தெரியவேண்டும். ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டினால் பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பது சோவியத் இயக்குநர் குலெஷோவின் புகழ்பெற்ற சோதனை. ஆகவே மூன்று நொடிக்கொருமுறை வெட்டும் காட்சியில் ‘என்ன நடிப்பு!’ என்று அவசரப்பட வேண்டாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘தி கான்வர்சேஷன்’ படத்தைத் தொகுத்தபோது, தான் வெட்ட நினைத்த இடத்தை ஒட்டியே ஜீன் ஹேக்மன் மீண்டும் மீண்டும் கண்ணிமைத்ததை வால்டர் மர்ச் கவனித்தார். பாத்திரத்தின் எண்ணம் முடியும் இடத்தில் இமை மூடுகிறது. எங்கே இமைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், வேறொரு படம் தெரியும்.

கைகளுக்கும் ஒரு கண் வையுங்கள். காலிக் கோப்பையை உறிஞ்சும் நடிகரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், கோப்பை இலேசாக எழும். காலிப் பயணப் பெட்டியும் அப்படித்தான். ‘ஜான் டீல்மன்’ (1975) 201 நிமிடப் படம். 2022இல் பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் சினிமா இதழ் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் வந்தபிறகு பெயர் பரவிவிட்டது, ஆனாலும் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவுதான். அதில் டெல்ஃபின் செய்ரிக் அழுவதில்லை, புலம்புவதில்லை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது, அவ்வளவுதான். முதல் நாள் சமையலை நாம் முழுதாகப் பார்த்திருப்பதால் வயிற்றில் என்னவோ செய்கிறது.

போன் காட்சியின் பாட்டிக்கு வருவோம். அதில் நடித்தபோது பாண்டிக்கு வயது 48. எழுபதை ஒட்டிய கிழவியாக நடித்தார். மெக்கேரியின் படத்திலிருந்து கரு பெற்ற, ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) தாத்தாவாக வந்த சிஷூ ரியூவுக்கும் 49தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கை நடுக்கம், இருமல் என்ற மலிவான சாமான்கள் இல்லாமல் முதுமை எப்படி வருகிறது என்று தெரியும்.

தேடும் வழி? எனக்குத் தரப்பட்டியல்களில் நம்பிக்கை இல்லை. சில நூறு பேர் மட்டுமே மதிப்பெண் போட்ட படத்துக்குச் சராசரி எதையும் சொல்லாது. துணை நடிகர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். பாண்டி நான்கு படங்களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குத் தாயாக நடித்தவர், ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ அதில் ஒன்று. எல்லோரும் பார்த்த படத்தின் அம்மா, யாரும் பார்க்காத படத்தின் நாயகி. இன்னொரு வழி, பழைய படங்களைப் புதுப்பிப்பவர்களின் பட்டியல். 2007இல் தொடங்கிய, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா திட்டம், இத்தாலியின் போலோன்யாவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘இல் சினிமா ரித்ரொவாத்தோ’ விழா இரண்டையும் கவனியுங்கள்.

தெரியாத படம் என்றால் தரம் போதாத படம் என்று நண்பர்கள் சொன்னால் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ கதையைச் சொல்லுங்கள். சார்லஸ் பர்னெட் 1970களில் எடுத்தது. பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லாததால் 2007வரை முறையான திரையரங்க வெளியீடே இல்லை. ஈரானின் ‘செஸ் ஆஃப் தி விண்ட்’ (1976) தொலைந்துபோய், படச்சுருள் 2014இல் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்தது. பார்பரா லோடன் எழுதி இயக்கி நடித்த ‘வாண்டா’ (1970) அவருடைய ஒரே முழுநீளப் படம். விவாகரத்து வழக்குக்குத் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு வந்து நின்று, குழந்தைகள் கணவனிடமே இருக்கட்டும் என்று நாயகி வாண்டா சொல்லும் தொனியைக் கேளுங்கள். நம் அனுதாபத்துக்கு அங்கே இம்மியும் இடம் வைக்கவில்லை.

நண்பர்களை மறுபடி கூப்பிட்டால் முழுப் படத்தையும் போடாதீர்கள். நல்ல பிரதியில் போன் காட்சியை மட்டும் ஒலியில்லாமல் ஓட்டி, சீட்டாடுகிறவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி என்ன பேசினார் என்று அவர்களே கேட்டால் ஒலியை வைத்து மறுபடி போடுங்கள்.