டெல்லிப் பென்ஷனை விட்டுவிட்டு 2000 ரூபாய்க்கு மாறலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். வீட்டுக்காரருக்குச் சங்கு குளிக்கிற தொழில். நான்கு வருடத்துக்கு முன்னால் மூச்சுக்குக் கம்ப்ரஸர் குழாய் வைத்துக் கடலில் இறங்கிவிட்டு மேலே வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது, இன்னும் சரியாகவில்லை. அடையாள அட்டையில் 85 சதவீதம் என்று இருக்கிறது. தாலுகா ஆபீஸ் மூலமாக மாதம் 1500 வருகிறது. ஆணையில் மத்திய அரசுத் திட்டம் என்று போட்டிருக்கிறார்கள். அதை மாநில அரசுக்கு மாற்றினால் 2000 கிடைக்குமாம். பழையதை நிறுத்த எழுதிக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், 5000 ஆகும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். டெல்லிப் பணத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது, ஆட்சி மாறினால் மாநிலப் பணம் நின்றுவிடும் என்கிறார் என் அண்ணன். எனக்கு வரும் மகளிர் உரிமைத் தொகையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மாறலாம் சகோதரி. ஆனால் அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழையதை நிறுத்தச் சொல்லி எந்தத் தாளிலும் உங்கள் வீட்டுக்காரர் இப்போது கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். மீதியைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சமூகப் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் நாற்காலி தேய்த்தவன் நான். "மத்திய அரசிலிருந்து மாநில அரசுக்கு மாற்றுவது" என்று ஒரு வேலை கிடையவே கிடையாது. அப்படி ஒரு படிவமும் இல்லை. ஒரு துறையில் ஓடுகிற கணக்கை மூடுகிறார்கள், இன்னொரு துறையில் புதுக் கணக்கைத் திறக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நீங்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அந்த நடுவிடத்தில் நின்றுதான் புரோக்கர் பிழைக்கிறார்.

இப்போது வருவது இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம். 2009-ல் வந்த திட்டம். 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமாகவும் இருந்தால் கொடுப்பார்கள். உங்கள் அண்ணன் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த 1500-ல் டெல்லியின் பங்கு 300 ரூபாய்தான். மீதி 1200 மாநில அரசு தன் கையிலிருந்து போடுவது. அந்த 300-ம் 2012-ல் நிர்ணயித்த தொகை, அதற்கப்புறம் ஒரு ரூபாய் ஏறவில்லை. 2012-ல் டீ என்ன விலை, இப்போது என்ன விலை? நாடாளுமன்றத்தில் அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள், தொகை மட்டும் ஏறவில்லை. சரி, அதை விடுங்கள். 2023 ஜனவரியில் 1000 ரூபாயாக இருந்தது 1500 ஆனதும் மாநில அரசு ஏற்றியதால்தான். டெல்லிப் பணம் நிலையானது, மாநிலப் பணம் நின்றுவிடும் என்ற பயத்துக்கு உங்கள் விஷயத்தில் அர்த்தமில்லை. ஐந்தில் நான்கு பங்கு இப்போதே மாநிலப் பணம்தான்.

அந்தப் புரோக்கர் சொல்லும் 2000 என்பது பராமரிப்பு உதவித்தொகை. தாலுகா ஆபீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை கொடுப்பது, முழுக்க மாநிலப் பணம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவுக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு 85, அதனால் தகுதி பற்றிக் கவலையில்லை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று அதே திட்டத்தில் தனிப் பிரிவும் உண்டு. ஆழத்திலிருந்து வேகமாக ஏறி வந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தை அடித்துவிடும். சங்கு குளிப்பவர்களுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். சான்றில் வெறுமனே "கால் ஊனம்" என்று எழுதியிருந்தால், தண்டுவடம் என்று தெளிவாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஆகவே மாறினால் உங்களுக்கு மிச்சம் 500 ரூபாய், வருடத்துக்கு 6000. புரோக்கர் கேட்பது 5000. அதாவது பத்து மாத லாபத்தை அவர் முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்.

அவர் பழையதை முதலில் நிறுத்தச் சொல்கிறாரே, அங்கேதான் ஆபத்து. பராமரிப்பு உதவித்தொகையில் விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் உடனே ஆணை வந்துவிடாது. ஒதுக்கீடு எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்குத்தான், மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். இப்போது 1500-ஐ நிறுத்திவிட்டு ஆறு மாதம் காத்திருந்தால் 9000 ரூபாய் போச்சு. மாதம் 500 கூடுதலாக வந்து அந்த 9000-ஐ ஈடுகட்ட ஒன்றரை வருடம் ஆகும். ஒரு வருடம் காத்திருந்தால் மூன்று வருடம். விட்டுப்போன மாதங்களுக்கு நிலுவை வரும் என்று அவர் சொல்வார், நம்பாதீர்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையை நான் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு வயதான அம்மா, மகனுக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் பதினோரு மாதம் நடந்தார். நிறுத்துகிற மனு மட்டும் எங்கள் ஆபீஸில் மூன்றே நாளில் முடிந்துவிட்டது! நிறுத்துவதில் மட்டும் அரசாங்கத்துக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வருகிறதோ.

சரி, எப்படிச் செய்வது? ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே நேரில் போங்கள். அடையாள அட்டைப் புத்தகம், யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், போட்டோ, இப்போது வாங்கும் ஓய்வூதியத்தின் ஆணை நகல், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், முதல் தடவை நீங்கள் மட்டும் போய்க் கேட்டு வாருங்கள். பிறகு அவரும் வரவேண்டும் என்றால், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவருக்கும் கூட வருகிற ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. உங்களுக்கோ பெண் என்பதால் எப்படியும் இல்லை. கூட வருகிறவர் என்ற சலுகையில் உங்கள் அண்ணனை ஏற்றிக்கொள்ளலாம்.

மனுவில் உண்மையை எழுதுங்கள். "வருவாய்த் துறை மூலம் ஓய்வூதியம் பெற்று வருகிறேன். பராமரிப்பு உதவித்தொகைக்கான ஆணை கிடைத்ததும் அதை விட்டுவிடச் சம்மதிக்கிறேன்" என்று எழுதினால் போதும். எந்த உதவியும் வாங்கவில்லை என்று எழுதச் சொல்லி யாராவது ஆலோசனை கூறினால் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆதார் எண் இருக்கிறது, என்றாவது ஒருநாள் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அப்புறம் வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும். முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று கவுண்டரில் சொன்னால், சண்டை போடாமல், அதை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு மனுவை வாங்கிக்கொள்வார்கள். வாங்காவிட்டால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

காத்திருப்பில் எத்தனையாவது இடம் என்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

உரிமைத் தொகை பற்றிப் பயப்பட வேண்டாம். பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர் இருக்கிற குடும்பத்துப் பெண் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது 2023-ல் திட்டம் தொடங்கும்போதே சொல்லப்பட்டது. அவருடைய 2000-ஆல் உங்கள் 1000 போகாது. ஆனால் தாலுகா ஆபீஸ் ஓய்வூதியக்காரர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் இலவச வேட்டி சேலை நின்றுவிடும். அதைப் பெரிய நஷ்டமாக நினைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

அட்டையைப் புதுப்பித்தால் சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்றும் இந்தப் புரோக்கர்கள் பயமுறுத்துவது வழக்கம். அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தரம் என்று இருந்தால் மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. தற்காலிகம் என்றிருந்து, மறுபரிசோதனையில் 80-க்குக் கீழே போனால் மத்திய அரசுத் திட்டம் பொருந்தாது. ஆனால் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு மாநில அரசின் ஓய்வூதியம் அதே தாலுகா ஆபீஸில் இருக்கிறது, தொகையும் அதே 1500. 75-க்குக் கீழே போனால்தான் 2000-க்கு இடைஞ்சல்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தேவையில்லாதது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, உங்கள் தெருவில் யாருக்காவது உதவும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 75 வேண்டாம், 40 சதவீதமே போதும். அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தாலுகா ஆபீஸ் ஓய்வூதியத்துக்குத்தான் 18. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பராமரிப்பு உதவித்தொகை கேட்கலாம். இது தெரியாமல் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகட்டும் என்று பத்து வருடப் பணத்தை இழந்தவர்கள் இந்தக் கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இருக்கிறார்கள். இன்னொன்று, அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. பிறவியிலோ சின்ன வயதிலோ அறிவு வளர்ச்சி தடைப்பட்டது முதலாவது. நன்றாக இருந்தவருக்கு இடையில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. ஏர்வாடிப் பக்கம் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகிவிட்டோம். 2001-ல் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய ஊர் அது, அங்கேகூட இன்னும் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியவில்லை. சான்றில் டாக்டர் எந்தப் பெயரை எழுதுகிறாரோ அதன்படிதான் 40-ஆ 75-ஆ என்று பார்ப்பார்கள். ஆகவே முகாமில் அவசரத்தில் எதையாவது எழுதிக் கையில் கொடுத்தால், வாசலைத் தாண்டுவதற்குள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் வருகிற வழியிலும் ஒரு தொல்லை இருக்கிறது. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த பேங்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். இடையில் குழுக் கடனுக்காக அவர் பெயரில் வேறு பேங்கில் கணக்குத் தொடங்கியிருந்தால், பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்துப் பணம் வரவில்லை என்று அலைவீர்கள். ஊருக்குள் மிஷினோடு வந்து கொடுக்கிறவர் "ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால், முதல் தடவைக்கான சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் தேய்ந்த விரல், உண்மையிலேயே விழாமல் இருக்கலாம். அதைச் சாக்காக வைத்து இரண்டு தடவை எடுத்துவிட்டு ஒரு தடவை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஏ.டி.எம். கார்டை யாரிடமும், புரோக்கரிடம் நிச்சயமாக, ஈடாகக் கொடுக்கக் கூடாது.

புது ஆணை கைக்கு வந்து, முதல் மாதம் 2000 பாஸ்புக்கில் பதிவான பிறகு, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனித் தாசில்தாரிடம் போய், ஓய்வூதியத்தை இந்த மாதத்தோடு நிறுத்தும்படி மனு கொடுங்கள். புது ஆணையின் நகலைச் சேர்த்துக் கட்டுங்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்காமல் வராதீர்கள். அந்த மாதம் இரண்டு பணமும் விழுந்திருந்தால் 1500-ஐத் தொடாமல் கணக்கிலேயே விட்டுவிடுங்கள், கேட்கும்போது கட்டிக்கொள்ளலாம். அந்த முத்திரைத் தாளை ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது ஒரு கிளார்க் அதைக் கேட்பார்.