மார்த்தா வாஷிங்டனின் உயிலில் பெயர் வராத 153 பேர்

கேள்வி: காலனியக் கால அமெரிக்காவில் கணவனை இழந்த ஒரு பெண் தன் உயிலில் எதையெல்லாம் எழுத முடிந்தது? அவர் இறந்தபின் சொத்து எப்படிப் பிரிக்கப்பட்டது?

வரி வரியாக நான் வாசித்த ஓர் உயிலை வைத்தே பதில் சொல்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் உயில் அது.

அப்பா கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். வர்ஜீனியாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவரை வாஷிங்டன் குடும்பத்தின் பண்ணைவீடான மவுண்ட் வெர்னனுக்குக் கூட்டிப்போனேன். அறைகளையெல்லாம் சுற்றிவிட்டு, பொடோமக் ஆற்றைப் பார்த்திருக்கும் நீளத் திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி: "புருசன் போனதுக்கப்பறம் இந்த வீடு அந்தம்மாளுக்கு ஆயுள் பாத்தியமா, சர்வ சுதந்திர பாத்தியமா கண்ணு?"

ஆயுள் பாத்தியம்தான். ஜார்ஜின் உயில்படி மார்த்தா உயிரோடு இருக்கும்வரை வீடு அவர் அனுபவத்தில், அதன்பின் ஜார்ஜின் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்கு. அன்று ராத்திரி மார்த்தாவின் உயிலை எடுத்து அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அவர் திண்ணையில் கேட்ட அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்கும் வழி திறந்துவிடும்.

கதை ஜார்ஜுக்கு முன்பே தொடங்குகிறது. மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ், வர்ஜீனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1757 ஜூலையில் உயில் எழுதாமலே இறந்துபோனார். மார்த்தாவுக்கு அப்போது 26 வயது, கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். சொத்து சுமார் 17,500 ஏக்கர் நிலமும் ஏறக்குறைய 300 அடிமைகளும். கூடவே மாமனார் குடும்பத்தின் பழைய வில்லங்கம் ஒன்று: ஆன்டிகுவா தீவில் தொடங்கி லண்டன்வரை போன கடன் வழக்கு. கணவர் இறந்த அடுத்த மாதமே லண்டன் வியாபாரி ராபர்ட் கேரிக்கு மார்த்தா கடிதம் எழுதுகிறார். இனி எஸ்டேட்டின் நிர்வாகம் என் கையில், புகையிலையை உங்களுக்கே அனுப்புகிறேன், நல்ல விலை வாங்கித் தாருங்கள் என்பது அதன் சாரம். துக்கத்தில் இருந்த 26 வயதுப் பெண் இதை எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மதிப்பு வருகிறது.

உயில் இல்லாமல் கணவர் இறந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது ஆங்கிலேயச் சட்டம். ரொக்கம், தட்டுமுட்டுச் சாமான், ஆடுமாடு போன்ற அசையும் பொருளில் கிடைக்கும் மூன்றிலொரு பங்கு அவளுக்கு முழுச் சொந்தம். நிலத்தில் கிடைப்பது அவள் ஆயுளுக்கு மட்டும். வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், விற்கவோ உயிலில் எழுதவோ முடியாது. அவள் கண் மூடியதும் அது முதல் கணவரின் வாரிசுகளுக்குத் தானாகப் போய்ச் சேரும். நம் ஊரிலும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வரும்வரை விதவையின் பங்கு ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருந்தது. அதனால்தான் அப்பாவுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சட்டென்று வந்தது.

வர்ஜீனியாவில் இதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. 1705ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகளை நிலம்போல அசையாச் சொத்தாகக் கணக்கிடச் சொன்னது. இதைச் சொன்னபோது அப்பா என்னை நிறுத்தி, "மனுசனையா? அசையாச் சொத்துன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம். நடக்கிற, பேசுகிற, பிள்ளை பெறுகிற மனிதர்கள். மார்த்தாவின் விதவைப் பங்காக வந்தவர்கள் எண்பதுக்கு மேல். அந்தப் பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அதே பங்கில் சேர்ந்துவிடுவார்கள்.

1759 ஜனவரியில் மார்த்தா ஜார்ஜை மணந்தார். மணமானதும் அவருடைய முழுச் சொந்தம் கணவருடையதாகிவிட்டது, விதவைப் பங்கின் நிர்வாகமும் அவர் கைக்குப் போனது. பெண் பிள்ளை பாட்ஸி வலிப்பு வந்து 17 வயதில் இறந்தாள். மகன் ஜாக்கியை 1781இல் அமெரிக்கச் சுதந்திரப் போரின் யார்க்டவுன் முற்றுகையின்போது காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் ஜாக்கியின் நான்கு பிள்ளைகள்: எலிசா, மார்த்தா, நெல்லி, ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். விதவைப் பங்கின் வாரிசுகள் இந்த நான்கு பேர்தான்.

1799இல் எடுத்த கணக்கில் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள். அதில் ஜார்ஜுக்குச் சொந்தம் 123 பேர், கஸ்டிஸ் விதவைப் பங்கு 153 பேர், மற்றவர்கள் வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தவர்கள். நாற்பது வருஷத்தில் இரண்டு கூட்டத்துக்குள்ளும் கல்யாணம் கலந்து குடும்பங்கள் உண்டாகியிருந்தன. ஜார்ஜ் அந்த ஆண்டு ஜூலையில் எழுதிய உயிலில், என்னுடையவர்களுக்கு மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை என்றார். விதவைப் பங்கில் இருப்பவர்களை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் அதே உயிலில் எழுதினார். டிசம்பரில் இறந்தார்.

இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். 123 பேரின் விடுதலை ஒரே ஒரு மூதாட்டியின் மூச்சில் தொங்கியது. அடுத்த வருஷம் பார்க்க வந்த அன்றைய அதிபரின் மனைவி அபிகெய்ல் ஆடம்ஸ், மார்த்தா தன் உயிருக்குப் பயப்படுகிறார் என்று கடிதத்தில் எழுதினார். மார்த்தா காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி 1 அன்று கணவரின் ஆட்களுக்கு விடுதலை கொடுத்துவிட்டார். சமையல்காரர் ஹெர்குலிஸ் 1797இலேயே தப்பி ஓடியிருந்தார். அவரும் ஜார்ஜின் ஆள் என்பதால் இந்த விடுதலை அவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர் மனைவி விதவைப் பங்கைச் சேர்ந்தவர், ஆகவே பிள்ளைகள் ரிச்மண்ட், ஈவி, டீலியா மூவரும் அடிமைகளாகவே இருந்தார்கள்.

இனி மார்த்தாவின் உயில். 1800 செப்டம்பர் 22ஆம் தேதி எழுதியது. மணமான பெண்ணாக இருந்தவரை கணவர் சம்மதமின்றி உயில் எழுதும் உரிமை அவருக்குக் கிடையாது; மறுபடி விதவையானதும் அந்த உரிமை திரும்பி வந்தது. வாசிக்க வாசிக்க ஒரு வீடு முழுக்கக் கண்முன் வந்து நிற்கிறது. பேரனுக்கு வெள்ளிப் பாத்திரம் அத்தனையும், உள்ளே கப்பல் படம் வரைந்த கிண்ணம், புது அறையில் அடுப்பு மேடை மேல் நிற்கும் பழைய சீன ஜாடிகள், பிலடெல்பியாவில் சொல்லிச் செய்த கட்டில், அதன் வெள்ளைத் திரைகள், இரும்புப் பெட்டி, முதல் கணவர் வைத்திருந்த மேஜை. நெல்லிக்கு முன்கூடத்துப் பெரிய கண்ணாடி. எலிசாவுக்கு மஞ்சள் அறையின் அலங்கார மேஜை. நிலவறையில் இருக்கும் ஒயின் பாட்டில்கள் நால்வருக்கும் சமமாக, மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்குப் பத்து கினி தங்கக் காசு. நெல்லியின் கணவர் தர வேண்டிய இரண்டாயிரம் பவுண்டு கடன் பத்திரத்தைத் தன் பிறந்த வீட்டுப் பெண்கள் நால்வருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். மிச்சத்தை விற்று உறவுப் பையன்களின் படிப்புக்குச் செலவிடச் சொல்கிறார்.

அப்பாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. "நாலெல்லை சொல்ற மாதிரி சாமானுக்கு அடையாளம் சொல்றாங்க பாரு. நாளைக்கு எது எதுன்னு சண்டை வராது" என்றார். பேத்தி மார்த்தா பீட்டருக்கு எழுதிவைத்தது படுக்கை அறையில் இருந்த எழுதுமேஜையும் அதன் இருக்கையும். கணவரோடு எழுதிக்கொண்ட கடிதங்களை மார்த்தா எரித்துவிட்டவர். ஆனால் அந்த மேஜையின் இழுப்பறைக்குப் பின்னால் 1775 ஜூனில் ஜார்ஜ் எழுதிய இரண்டு கடிதங்கள் சிக்கிக் கிடந்து பின்னாளில் கிடைத்தன. அதில் ஒன்றில் போருக்குப் புறப்படும் ஜார்ஜ், என் உயிலை எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன் என்கிறார்.

1802 மே 22 அன்று மார்த்தா இறந்தார். ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் உயில் நிரூபணமாகிப் பதிவானது, நிறைவேற்றுநர்கள் வேலையைத் தொடங்கினார்கள், மிச்சச் சாமான் விற்பனைக்கு வந்தபோது பலவற்றைக் குடும்பத்தாரே வாங்கிக்கொண்டார்கள். (மூல உயில் தாளுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. உள்நாட்டுப் போரில் 1862இல் வடபடை அதிகாரி ஒருவர் நீதிமன்றத்திலிருந்து எடுத்துப்போனார், பிறகு வங்கியாளர் ஜே. பி. மார்கன் கைக்கு விலைக்குப் போனது. வர்ஜீனியா மாநிலம் வழக்குப் போட்டபின் 1915இல் ஃபேர்ஃபாக்ஸுக்கே திரும்பியது.)

வாசித்து முடித்ததும் அப்பா கேட்டார்: "அந்த நூத்தம்பத்திமூணு பேரு எங்க?"

உயிலில் இல்லை. சட்டப்படி அவர்களை அவர் எழுத முடியாது. மார்த்தா கண் மூடிய அன்றே அவர்கள் நான்கு பேரப்பிள்ளைகளின் உடைமை ஆனார்கள். ஒரு குடும்பத்திலேயே ஒருவர் ஒரு பேத்தி வீட்டுக்கும் இன்னொருவர் வேறு வீட்டுக்கும் போனார்கள். சுதந்திரமாகிவிட்ட கணவன் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி மக்கள் பங்குபோடப்பட்டார்கள். கட்டிலுக்கும் ஜாடிக்கும் தனித்தனியாகப் பெயர் எழுதின அந்தக் காகிதத்தில், நாற்பது வருஷம் அந்த வீட்டை நடத்தியவர்களுக்கு இடமில்லாமல் போனதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மார்த்தாவுக்குத் தலைவாரி உடை உடுத்திவிட்டவள், விதவைப் பங்கைச் சேர்ந்தவள். தன்னைப் பேத்தி எலிசாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்து 1796 மே 21 அன்று, குடும்பம் சாப்பாட்டில் இருந்தபோது பிலடெல்பியா வீட்டிலிருந்து வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். 1848இல் அங்கேயே இறந்தாள். சட்டத்தின் கணக்கில் சாகும்வரை அவள் கஸ்டிஸ் எஸ்டேட்டின் சொத்துதான். அவளுக்குப் பதிலாக எலிசாவிடம் போனது அவள் தங்கை டெல்ஃபி.

மார்த்தாவின் கை கட்டப்பட்டிருந்தது என்று இங்கே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் உயிலுக்குப் பின்னால் ஒரு திருத்தம் ஒட்டியிருக்கிறது, 1802 மார்ச் 4ஆம் தேதியிட்டது. விதவைப் பங்கில் சேராமல், மார்த்தா தானே விலைக்கு வாங்கிய ஆள் ஒருவர் இருந்தார். பெயர் எலிஷ், எலிஷா என்றும் எழுதுகிறார்கள். ஆயுள் பாத்தியம் இல்லை, அவர்மேல் மார்த்தாவுக்கு இருந்தது முழு உரிமை. 1782 முதல் வர்ஜீனியாவில் உரிமையாளர் தன் அடிமையைப் பத்திரம் மூலமோ உயில் மூலமோ விடுவிக்கலாம். கணவரின் 123 பேரை விடுவித்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விடுதலைப் பத்திரம் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் திருத்தத்தில் எலிஷை அவர் பேரனுக்கு எழுதிவைத்தார். பேரனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றைக்குமாக.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்னு நாங்க எழுதுவோம். தோட்டத்துக்கு எழுதுவோம், கிணத்துப் பங்குக்கு எழுதுவோம்." பிறகு தேதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மார்ச் 4. அவர் இறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பு.