முகத்தில் அடிபட்டால்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள் அச்செடுத்துப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். பதினாறு வயது. குத்துச்சண்டை பழகப் போகிறேன் என்று இரண்டு மாதமாக ஒரே பிடியில் நிற்கிறாள். நான் விளையாட்டுக்கு எதிரானவன் அல்லன். அவள் வலைப்பந்து ஆடிய காலத்தில் மழை வெயில் பாராமல் மைதானத்துக்கு ஏற்றி இறக்கியவன் நான்தான். ஆனால் இது முகத்தில் குத்து வாங்கும் விளையாட்டு. மூக்கு உடைந்தால், பல் போனால், நாளைக்குக் கலியாணம் பேசும்போது நான் என்ன சொல்வேன்? மேரி கோம் ஓர் அதிசயப் பிறவி. அவரைப் பார்த்து எங்கள் கோப்பாய்ப் பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு புறப்படுவது சரியா? சினிமா பார்த்து வந்த மோகம் என்றே நினைக்கிறேன். எழுதியவர் நீங்கள், பதிலும் நீங்களே சொல்ல வேண்டும்.

– ஒரு தகப்பன், கோப்பாய், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கலியாணம் பேசுவதைப் பற்றிய வரி வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். இதே கவலையோடு மணிப்பூரில் ஒரு தகப்பன் இருந்தார். அவர் பெயர் தொன்பா கோம். மேரி கோமின் தந்தை.

கட்டுரையில் நான் அவரைப் பற்றி எழுதவில்லை. பதக்கங்களை அடுக்கினேன், விடாமுயற்சி என்று நான்கு இடத்தில் எழுதினேன், முடித்துவிட்டேன். அதைப் படித்த உங்களுக்கு மேரி அதிசயப் பிறவியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அது என் பிழை. இந்தப் பதிலில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறேன்.

தொன்பா கோம் பிறர் நிலத்தில் பயிர் செய்து பிழைத்தவர். சுராசாந்த்பூர் மாவட்டத்தில் காங்காதெய் என்ற சிறு கிராமம். மூத்த பிள்ளையான மேரி வயலிலும் வேலை செய்தார், பள்ளியில் ஈட்டியும் எறிந்தார், 400 மீற்றரும் ஓடினார். 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. மேரி இம்பாலுக்குப் போய்க் கோசனா மெய்தெய் என்ற பயிற்றுவிப்பாளரிடம் சேர்ந்தார். வீட்டுக்குச் சொல்லவில்லை. 2000 ஆம் ஆண்டில் மாநிலப் போட்டியில் வென்றபோது படம் பத்திரிகையில் வந்தது. தகப்பன் அதைப் பார்த்துத்தான் மகள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொண்டார். கோபம் வந்தது. முகம் பழுதானால் யார் கட்டுவார்கள் என்பதுதான் அவருடைய கேள்வியும். பிறகு மெல்ல மெல்ல மனம் மாறினார்.

உங்கள் மகள் எதையும் ஒளிக்கவில்லை. கட்டுரையைச் சுவரில் ஒட்டி, நேரே உங்கள் முன்னால் வந்து நின்று கேட்கிறாள். தொன்பா கோமுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் முதலாவது தேசிய பெண்கள் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது சென்னையில். அங்கே தங்கம். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில் நடந்த முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் வெள்ளி. அடுத்த ஆண்டு துருக்கியில் உலகத் தங்கம். 2010 க்குள் ஐந்து தங்கம், 2018 இல் டெல்லியில் ஆறாவது.

இந்தப் பட்டியலுக்குள் ஓர் இடைவெளி இருக்கிறது. 2007 ஓகஸ்ட்டில் சத்திர சிகிச்சை மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2008 நவம்பரில் சீனாவின் நிங்போ நகரில் மறுபடி உலகத் தங்கம். இடையில் பதினைந்து மாதம். அந்த மாதங்களில் குழந்தைகளைப் பார்த்தது யார்? அவருடைய கணவர் ஒன்லர். மேரி பயிற்சி முகாமில் இருந்தபோது பிள்ளைகளைத் தூக்கியவர், பாலூட்டியவர், இரவில் விழித்திருந்தவர் அவர். பின்னாளில் இருவரும் மணவிலக்குப் பெற்றுவிட்டார்கள். அதை அறிந்தவர்கள், பார்த்தீர்களா என்று இப்போது கேட்கக்கூடும். அது அவர்கள் இருவரின் வாழ்க்கை. நிங்போவுக்குப் போகும் வழியில் அந்த மனிதர் செய்த வேலை செய்ததுதான், அதை யாரும் அழிக்க முடியாது.

அதிசயம் என்று சொல்லிவிட்டால் கோசனா மெய்தெய் மறைந்துவிடுகிறார், ஒன்லர் மறைந்துவிடுகிறார், மனம் மாறிய தொன்பா கோமும் மறைந்துவிடுகிறார். பிறகு நம் பிள்ளைகளிடம், நீ அதிசயமா என்று கேட்டு வீட்டில் இருத்திவிடுகிறோம். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே யாழ்ப்பாணத்தில் எத்தனை பெண் பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சையோடு மைதானத்திலிருந்து இறக்கிவிட்டோம்! எனக்கு அதில் ஆறாத கோபம் உண்டு. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்தார். அவரும் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பாடசாலை இருந்தது, ஒரு கோல் இருந்தது, பாய்ந்து விழ ஒரு மெத்தை இருந்தது, மாலையில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை உங்கள் மகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெண்களின் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2012 இல், லண்டனில்தான். ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. மேரி உலகத் தங்கங்களை வென்றது 45 இலிருந்து 48 கிலோ வரையிலான பிரிவுகளில். அவருக்கென்று பிரிவே இல்லை. எடையைக் கூட்டி, தன்னைவிட உயரமான, கை நீளமான பெண்களோடு மோதினார். முதல் ஆட்டம் ஓகஸ்ட் 5 ஆம் திகதி, இரட்டைப் பிள்ளைகளின் ஐந்தாவது பிறந்தநாள். அதில் வென்றார், அடுத்ததிலும் வென்றார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸிடம் 11–6 என்று தோற்றார். அடம்ஸ் தங்கம் வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் பெற்ற முதல் பெண் ஆனார். மேரிக்கு வெண்கலம். அவருடைய பதக்கங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அந்த வெண்கலம்தான்.

சினிமா மோகம் என்கிறீர்கள். பார்பரா பட்ரிக் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் இருந்தார். உயரம் 4 அடி 11 அங்குலம். 1940 களின் கடைசியில் இங்கிலாந்தின் சந்தைத் திடல்களில் கூடாரம் போட்டு நடத்திய குத்துச்சண்டைகளில் இறங்கினார். பெண்களுக்கு அங்கே முறையான மேடை கிடைக்காமல் 1950 களில் அமெரிக்கா போனார். அவர் கையுறை மாட்டிய காலத்தில் உங்கள் மகள் பார்த்த படமும் இல்லை, மேரி கோமும் பிறக்கவில்லை. இந்த ஆசை பழையது, தம்பி.

நம் நாட்டிலும் இருக்கிறது. 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவின் அரையிறுதியில், 48 கிலோ பிரிவில், மேரி கோமுக்கு எதிரே நின்றவர் இலங்கையின் அனுஷா கொடிதுவக்கு. தோற்றார், வெண்கலத்தோடு திரும்பினார். உங்கள் மகளின் மேசைக்கு மேலே அவருடைய படமும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி அடிபடுவதைப் பற்றி. உங்கள் பயத்தை நான் தட்டிவிடப் போவதில்லை. மூக்கும் பல்லும் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. எனக்கு அவற்றைவிடப் பெரிய பயம் மூளை அதிர்ச்சி. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மூளை அதிர்ச்சியை அது தடுக்காது. ஆகவே மகளைச் சேர்ப்பதற்கு முன் நீங்கள் போய் ஒரு மாலை முழுவதும் பயிற்சியைப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளைகள் கயிறடிக்கிறார்களா, கால் வைக்கும் முறையையும் முகம் காக்கும் முறையையும் பழகுகிறார்களா, அல்லது வந்த வாரமே ஒருவரோடு ஒருவர் மோத விடுகிறார்களா? பற்காப்பு இல்லாமல் மேடை ஏற விடுகிறார்களா? தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புவீர்களா, வைத்தியர் சொல்லும்வரை மோத விடமாட்டீர்களா என்று பயிற்றுவிப்பாளரிடம் நேரே கேளுங்கள். தயங்கினால், சிரித்து மழுப்பினால், மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வேறு இடம் தேடுவோம், நானும் விசாரிக்கிறேன். மோதுவதற்கு அவசரமே இல்லை. ஓர் ஆண்டு கயிறடிப்பதும் மூட்டையைக் குத்திப் பழகுவதும் போதும். அதற்குள் இது மோகமா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கலியாணக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். மூக்கைப் பார்த்துவிட்டு எழுந்து போகிற வீட்டுக்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்க உங்களுக்கே மனம் வராது. வலைப்பந்துக்கு மழையில் ஏற்றி இறக்கிய தகப்பன் நீங்கள்.

பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். மகளின் எடையையும் எழுதுங்கள், எந்தப் பிரிவில் வருவாள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா