மஞ்சள் ஜாக்கெட் போட்டால் லாரிக்காரர் கண்ணில் படுவோமா?

சென்னையில் மேடவாக்கத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு, எட்டரை ஆகிவிடுகிறதாம். கூட் ரோட்டில் ஒரு தண்ணி லாரி உரசாத குறையாகப் போன கதையைக் கேட்டுப் பயந்துபோன மனைவி, பளிச்சென்று ஒரு மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டார். ஆபீசில் "என்னப்பா, மெட்ரோ வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று கிண்டல், போதாததற்கு வியர்வை. இது நிஜமாகவே பாதுகாப்பா, இல்லை வீட்டில் இருப்பவர்களின் மனநிம்மதிக்குப் போடுகிற சட்டையா என்று கேட்கிறார்.

போடுங்கள். ஆனால் அது பகல் நேரத்துச் சாமான் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். இரவு எட்டு மணிக்கு அந்த மஞ்சளால் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த நேரத்தில் உங்களைக் காட்டிக்கொடுப்பது ஜாக்கெட்டில் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டை, அதைவிட முக்கியமாகச் சைக்கிளின் பின்னால் எரிகிற சிவப்பு லைட்.

நான் பல வருஷமாக ரோட்டோரப் போர்டுகளுக்கு ஒட்டும் ரிஃப்ளெக்டர் ஷீட் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அந்த மஞ்சள் துணி, வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் கூடவே கொஞ்சம் நீல ஒளியையும் வாங்கி, மஞ்சள்-பச்சையாக மாற்றி வெளியே விடுகிறது. பகலில் நம் கண் அதிகம் பிடிப்பது அந்த நிறத்தைத்தான். அதனால்தான் மழை மேகம் மூடிய நவம்பர் காலையில், மற்ற எல்லாம் சாம்பலாகத் தெரியும்போது அந்த ஒரு துணி மட்டும் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். சூரியன் போனால் இந்த வித்தையும் போச்சு. தெருவிளக்கிலும் ஹெட்லைட்டிலும் அதற்கு வேண்டிய சரக்கு போதுமான அளவு இல்லை. எட்டு மணிக்கு அது வெளிர் நிறத்தில் ஒரு பனியன், அவ்வளவுதான்.

வெள்ளிப் பட்டையின் கதை வேறு. அதில் பதித்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திருப்பி அனுப்பும். இன்று ராத்திரியே மொட்டை மாடியில் செய்து பாருங்கள். ஜாக்கெட்டைக் கொடியில் போட்டுவிட்டு பத்தடி தள்ளி நில்லுங்கள். செல்போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் பட்டை கண்ணைக் கூசும். இப்போது அதே டார்ச்சை இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடியுங்கள். பட்டை மங்கிச் சாதாரணச் சாம்பல் நாடா ஆகிவிடும். காரில் ஹெட்லைட்டுக்கும் ஓட்டுபவர் கண்ணுக்கும் இடைவெளி குறைவு, லாரியிலும் பஸ்ஸிலும் ஓட்டுபவர் எங்கேயோ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தூரத்தில் வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பக்கத்தில் வர வரத்தான் கூடும். ஆக, நீங்கள் அதிகம் பயப்படுகிற வண்டிக்குத்தான் பட்டை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. இன்னொன்று, ஹெட்லைட் உங்கள் மேல் விழுந்தால்தான் பட்டைக்கு உயிர். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் பாய்ந்து வந்தால் அதன் வெளிச்சம் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும், உங்கள் மேல் அல்ல. சைக்கிளில் எரியும் லைட்டுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அது யாருடைய ஹெட்லைட்டையும் நம்பி இல்லை.

சரி, விபத்து குறைகிறதா என்பதற்கு வருவோம். இதில் எனக்குத் தெரிந்து உருப்படியான சோதனை டென்மார்க்கில் நடந்தது, முடிவு 2018இல் வெளிவந்தது. தாமாக முன்வந்த 6,793 சைக்கிள் ஓட்டிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். ஜாக்கெட் கிடைத்தவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 47 சதவீதம் குறைவு. ஆனால் ஓர் இடத்தில் இடித்தது. யாரும் மோதாமல் தானே சறுக்கி விழுந்த கணக்கும் ஜாக்கெட் கோஷ்டியில் குறைவாகவே வந்திருந்தது. மணலில் சறுக்குகிறவரை ஜாக்கெட் எப்படிக் காப்பாற்றும்? ஆக, ஜாக்கெட் வாங்கியவர்கள் சில விபத்துகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்களே எடுத்துக்கொண்டு கணக்கைத் திருத்தினார்கள், 38 சதவீதம் நின்றது. அதுவும் சாமானியமான எண் இல்லை. ஆனால் அது சைக்கிளுக்குத் தனிப் பாதையும், தினம் சைக்கிளைப் பார்த்துப் பழகிய டிரைவர்களும் இருக்கிற ஊர். அந்த 38ஐ அப்படியே தூக்கி நீங்கள் போகிற ரேடியல் ரோட்டில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பலன் உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரவுக்கு ஆஸ்திரேலியாவில் 2012இல் வெளியான ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பொது வண்டிகள் வராத தடத்தில், இருட்டில் டிரைவர்களை ஓட்டவிட்டு, சைக்கிள்காரர் தெரிந்தால் சொல்லச் சொன்னார்கள். கறுப்பு உடையில் இருந்தவரை 2 சதவீதம் முறைதான் கண்டுபிடித்தார்கள். வெறும் மஞ்சள் ஜாக்கெட்டுக்கு 15. வெள்ளிப் பட்டை வைத்த ஜாக்கெட்டுக்கு 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டியபோது 90! காரணம் எளிது. முதுகில் ஒளிர்வது ஓர் அசையாத பொட்டு, அது போர்டாக இருக்கலாம், தடுப்புக் கம்பியாக இருக்கலாம். இரண்டு பொட்டுகள் மாறி மாறி மேலும் கீழும் போனால், அது பெடல் மிதிக்கிற மனுஷன் என்று மூளை யோசிக்காமலே பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வழியில் இது ரொம்ப முக்கியம். ஓ.எம்.ஆர். பக்கம் மெட்ரோ வேலைக்காக வரிசையாகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பக்கத்தில் அதே மாதிரி ஜாக்கெட் போட்ட தொழிலாளர்கள், விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்களும் அதே பட்டையோடு. இத்தனைக்கும் நடுவில் நீங்களும் மஞ்சளாகப் போனால், ஓட்டுபவர் கண்ணில் பட்டாலும் "ரோட்டோரம் ஏதோ வேலை நடக்குது" என்ற கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். ஆபீஸ் கிண்டலில் விஷயம் இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம் வெயில். காலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிக் கிழக்கே போகிறீர்கள், சூரியன் நேர் எதிரே. உங்கள் பின்னால் வருகிற டிரைவருக்கும் அதே சூரியன்தான் கண்ணில் குத்துகிறது. வெயில் விழுவது உங்கள் நெஞ்சில், அவர் பார்ப்பது நிழலில் இருக்கும் உங்கள் முதுகை. கடையில் பளபளத்த ஜாக்கெட் அங்கே வெறும் கறுப்பு உருவம். இந்த ஒரு காரணத்துக்காகவே பகலிலும் பின் லைட்டை எரியவிடச் சொல்வேன். டென்மார்க்கிலேயே ஓடென்சே நகரத்தில் 3,845 பேரை வைத்து, பகல் இரவு எந்நேரமும் எரியும் லைட்டைச் சோதித்ததில் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவாக இருந்தன. நேர் எதிரே வெயில் அடிக்கும்போது லைட்டும் ஓரளவுதான் எடுபடும். முடிந்தால் கால் மணி முன்னே பின்னே கிளம்பிப் பாருங்கள், சூரியன் கண் மட்டத்தில் நிற்கிற அந்த நேரம்தான் மோசம்.

ஜாக்கெட் போட்டால் இடம் விட்டு ஓட்டுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் ஒருவர் ஏழு விதமான உடையில் மாறி மாறி சைக்கிள் ஓட்டி, முந்திய வண்டிகள் விட்ட இடைவெளியை அளந்தார். ரேஸ்காரர் உடை, கத்துக்குட்டி என்று எழுதிய ஜாக்கெட், பளிச் மஞ்சள், எதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போலீஸ், வீடியோ எடுக்கிறோம் என்று எழுதியதற்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். எதைப் போட்டாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டுதான் போனார்கள். அவர்களுக்கு நீங்கள் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் அப்படிப் போகிறார்கள். கூட் ரோடு லாரியும் அந்த ரகமாக இருந்தால் ஜாக்கெட் என்ன செய்யும்? (முதுகில் போலீஸ் என்று அச்சடித்துக்கொள்ளலாமா என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.) இடது பக்கம் திரும்புகிற பஸ்ஸுக்கு இடதில் நுழைந்தாலும் இதே கதைதான். கண்ணாடியில் விழாத இடத்தில் எந்த நிறமும் ஒன்றுதான், பின்னால் நின்று அது திரும்பின பிறகு போங்கள்.

ஒரு சின்ன விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜாக்கெட்டைப் போட்டு, அதன் மேல் லேப்டாப் பையை மாட்டிக்கொள்வது! போன வாரம் சிக்னலில் ஒருவரைப் பார்த்தேன், முதுகு முழுக்கக் கறுப்புப் பை, இரண்டு ஓரத்திலும் விரற்கடை மஞ்சள். பின்னால் வருபவருக்கு அவர் கறுப்புச் சட்டைக்காரர்தான். பைக்கு மேல் மஞ்சள் மழை உறை ஒன்று மாட்டுங்கள், அல்லது பையிலேயே ரிஃப்ளெக்டர் டேப் தைத்துவிடுங்கள். மழைக்கோட்டை ஜாக்கெட்டுக்கு மேல் போட்டாலும் இதே கதி, கோட்டே வெளிர் நிறத்தில் பட்டையோடு வாங்கிவிடலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் காசைப் பின் லைட்டுக்குப் போடுவேன், முடிந்தால் இரண்டு: ஒன்று மின்னட்டும், ஒன்று நிலையாக எரியட்டும். மின்னுவது கவனத்தை இழுக்கும், நிலையாக எரிவதை வைத்துத்தான் பின்னால் வருபவர் தூரத்தைக் கணக்குப் போட முடியும். முன்னால் ஒரு வெள்ளை லைட், ராங் சைடில் வருகிற ஸ்கூட்டர்களுக்காக. லைட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று டைனமோவைத் தேய்த்துக்கொண்டு போன தலைமுறை நாங்கள். இப்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற சைக்கிளில் லைட்டையே காணோம். அடுத்தது இரண்டு கணுக்காலுக்கும் பட்டை, பெடலில் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஜாக்கெட் இதற்கெல்லாம் பிறகுதான்.

வியர்வைக்கு, உங்களிடம் இருப்பது கெட்டித் துணியாக இருந்தால் வலைத்துணியில் கையில்லாத வெஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள், பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், வெள்ளிப் பட்டை இரண்டு விரல் அகலமாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ப்ளீச் போடாதீர்கள், பட்டையைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், கண்ணாடி மணி உதிர்ந்துவிடும். மஞ்சளும் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஆபீஸ் போனதும் சைக்கிள் ஹேண்டில்பாரிலேயே மாட்டி வெயிலில் விடாமல் உள்ளே எடுத்துப் போங்கள். மாதம் ஒருமுறை அந்த மொட்டை மாடி டார்ச் சோதனையைச் செய்யுங்கள். கன்னத்தில் வைத்து அடித்தும் பட்டை கூசவில்லை என்றால் ஜாக்கெட்டைச் சைக்கிள் துடைக்க வைத்துக்கொண்டு புதுசு வாங்கிவிடுங்கள்.